பாம்பறிந்த மருத்துவர்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பொன்னைக் கண்ட நினைவைவிடப் பாம்பைக் கண்ட நினைவே மிகுதி. பொன் பூமிக்கடியில் கிடந்தது. பாம்போ வாசற்படிக்கே வந்தது. மழைக்காலம் வந்துவிட்டால் சயனைடு மண்மேடுகளின் ஓரத்துப் புதர்களிலிருந்து அவை எங்கள் லயன் வீடுகளை நாடி வரும்.

என் பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஓர் இரவு வேலை முடிந்து திரும்புகையில் அவரைப் பாம்பு தீண்டிற்று. பச்சிலை அறிந்த பெரியவர் ஒருவர் வேர் ஒன்றை அரைத்துக் கொடுத்தார், பாட்டனார் பிழைத்தார். அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டு அம்மாளைத் தீண்டியபோதும் அதே பெரியவர், அதே வேர். விடிவதற்குள் அந்த அம்மாள் இறந்துவிட்டார். ஒருவரைக் காத்த வேர் மற்றவரைக் கைவிட்டது ஏன்? எல்லாம் விதி என்று சொல்லிப் பாட்டி கதையை முடித்துவிடுவார். என் மனமோ அதோடு அமைதி கொள்ளவில்லை.

விலங்கியல் மாணவனாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு, இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே இத்தகைய கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்ட ஒருவரைப் பற்றிப் படித்தேன். அவர்தாம் பாட்ரிக் ரஸ்ஸல்.

ஸ்காத்லாந்தின் எடின்பரோவில் பிறந்த ரஸ்ஸல் மருத்துவம் பயின்றவர். சிரியா நாட்டு அலெப்போ நகரில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மருத்துவராக இருந்தார். அங்கே கொள்ளைநோயின் கொடுமையை நேரில் கண்டவர், பின்னாளில் அதைப் பற்றிப் பெருநூல் ஒன்றும் எழுதினார். 1781 இல் தம் தம்பியோடு விசாகப்பட்டினம் வந்தார். 1785 இல், மறைந்த கோனிக் என்பாரின் இடத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி இவரைக் கருநாடகப் பகுதியின் இயற்கை ஆய்வாளராக அமர்த்தியது. அப்போது அவர் அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஓய்வை நாடும் அந்த வயதில் அவர் பாம்புகளை நாடினார்!

பாம்புக் கடிக்கு அந்நாளில் புகழ்பெற்ற மருந்து தஞ்சாவூர் மாத்திரை. அதில் பாடாணமும் கலந்திருந்தது. அதை உண்டு பிழைத்தவர் பலர் என்று ஊர் பேசிற்று. ரஸ்ஸல் ஊர்ப்பேச்சை ஏற்கவுமில்லை; எள்ளி நகையாடவுமில்லை. கோழிகளையும் நாய்களையும் பாம்புகள் கடிக்கச் செய்து, நஞ்சின் குறிகளைப் பொறுமையாகக் குறித்தார், மருந்தையும் சோதித்தார். அந்த மாத்திரைக்கு இருந்த பெரும்புகழை அச்சோதனைகள் மெய்ப்பிக்கவில்லை.

அப்படியானால் பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? பாம்புகளிற் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அத்தகைய கடிக்கு எதைக் கொடுத்தாலும் மனிதன் பிழைப்பான். புகழோ மருந்துக்குப் போய்ச் சேரும்! ஆகவே முதலில் அறிய வேண்டியது கடித்த பாம்பு எது என்பதே. மக்கள் நச்சுப் பாம்பை இனங்கண்டு கொள்ள வேண்டும் என்பதற்காகவே ரஸ்ஸல் பாம்புகளைத் திரட்டி, பற்களை ஆராய்ந்து, ஒவ்வொன்றையும் வண்ணப் படமாகத் தீட்டுவித்தார். 1789 இல் தாயகம் திரும்பிய அவர், சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய நூலின் முதல் தொகுதியை 1796 இல் வெளியிட்டார். 1805 இல் அவர் மறைந்தார். இறுதிப் பகுதிகள் அதற்குப் பின்னரே வெளிவந்தன.

அடுத்த ஆண்டே, 1797 இல், நம் கண்ணாடி விரியனுக்கு அவர் பெயரையே அறிவியலார் சூட்டினர். எங்கள் ஊராருக்கு இனிக்கும் செய்தி இன்னொன்றும் உண்டு. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட விரியனை ஊரார் அழைத்த தெலுங்குப் பெயராலேயே அவர் தம் நூலில் குறித்தார். பொன்னைக் குறிக்கும் பங்காரு என்னும் சொல் அது. அச்சொல்லிலிருந்தே கட்டுவிரியன்களின் பேரினப் பெயராகிய பங்காரஸ் 1803 இல் பிறந்தது. தங்கவயல் மண்ணில் ஊரும் கட்டுவிரியனும் பெயரில் பொன்னைச் சுமந்துகொண்டுதான் ஊர்கிறது!

ரஸ்ஸல் மருந்து கண்டுபிடிக்கவில்லை. நச்சுமுறி மருந்து பிறக்க அவருக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் ஊசி இன்று நம் நாட்டில் உண்டு. அதற்கு வேண்டிய நஞ்சை, 1978 இல் தொடங்கப்பெற்ற இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் சென்னைக்கருகே எடுத்துத் தருகின்றனர். இருந்தும் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தனர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. மருந்திருந்தும் மாளும் மக்களை என்னென்பது!

சென்ற விடுமுறையில் இவற்றையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். பாட்டனாரைக் கடித்தது வெறும் சாரையாகவும் இருந்திருக்கலாம் என்றேன். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அந்த அம்மாளை அன்றிரவே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. ஆனால் அண்டை வீட்டாருக்கு இன்று பாம்பு தீண்டினால் முதலில் வண்டி தேடி ஓடுபவர் என் பாட்டியாகத்தான் இருப்பார்.