பண்டித இரமாபாய் அம்மையார்

விடுமுறைக்கு ஊர் செல்ல நாம் ஏறும் சென்னை வண்டி, புனேயை விட்டு ஒரு மணி நேரத்திற்குள் கேட்காவ் என்னும் சிற்றூரைக் கடக்கும். முதல் இரண்டு பயணங்களிலும் அந்நேரம் நான் சீட்டாடிக்கொண்டிருந்தேன். இப்போது சன்னலோரம் இடம் பிடித்துக்கொள்கிறேன். பண்டித இரமாபாய் அம்மையாரின் வரலாற்றைப் படித்ததே காரணம்.

அம்மையார் 1858இல் கன்னட நாட்டு மலைக்காட்டில் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி பெரும் வடமொழிப் புலவர். மனைவிக்கும் மகளுக்கும் வடமொழி கற்பித்ததால் சுற்றத்தாரின் பகையைத் தேடிக்கொண்டவர். கோயில் கோயிலாகப் புராணம் படித்துப் பிழைத்தது அக்குடும்பம். 1870களில் தென்னாட்டைப் பஞ்சம் வாட்டியது. தந்தை, தாய், தமக்கை மூவரும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர்.

எஞ்சிய இரமாபாயும் தமையன் சீனிவாசனும் வெறுங்காலோடு வடக்கே நடந்தனர். மரத்தடியும் பாலத்தடியுமே இரவுத் தங்கல். பஞ்சாபில் ஜீலம் ஆற்றங்கரையில் ஓர் இரவு குளிர் தாங்கவில்லை. போர்த்திக்கொள்ளக் கம்பளம் ஏது? சவக்குழிபோல் இரண்டு குழிகள் தோண்டி உள்ளே படுத்து, தலை நீங்கலாக உடல் முழுவதையும் உலர்ந்த மணலால் மூடிக்கொண்டனர். அவ்விரவை நினைவில் வைத்துக்கொண்டுதான் பின்னால் வருவனவற்றைப் படிக்க வேண்டும்.

1878இல் கல்கத்தாவை அடைந்தார். அங்குள்ள புலவர்கள் வியந்து பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை அளித்தனர். மணம், மகள் மனோரமா, கணவரின் மறைவு எல்லாம் 1882க்குள் முடிந்தன. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் கிறித்தவரானார். 1889இல் விதவைப் பெண்களுக்காகப் பம்பாயில் சாரதா சதனம் தொடங்கி, மறு ஆண்டு அதைப் புனேக்குக் கொண்டுவந்தார். மத மாற்றம் குறித்து எழுந்த பூசலில், 1893இல் ரானடே, பண்டார்க்கர் போன்றோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். அவர்கள் ஐயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் இல்லத்துக்கு வெளியே நின்ற பெண்ணுக்கு அந்த வழக்கால் என்ன பயன்?

1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தது. அம்மையார் இல்லத்தில் இருந்துகொண்டே, வருபவருக்குக் கதவு திறப்போம் என்று எண்ணவில்லை. தாமே புறப்பட்டுப் போனார். அரசாங்கம் நடத்திய கஞ்சி முகாம்களில் இளம்பெண்கள் பசியோடு மேற்பார்வையாளரின் இழிசெயலுக்கும் ஆளாவதைக் கண்டார். உடன் வர அழைத்தபோது, தீங்கு செய்யவே அழைக்கிறார் என்று அஞ்சியவர்களும் உண்டு. வஞ்சிக்கப்பட்டவர்க்கு அன்பும் வலைபோலத்தானே தோன்றும்? ஏறத்தாழ 300 பேரை அழைத்து வந்தார்.

அப்போது புனேயில் பிளேக் நோய். நகருக்குள் புதியவரைச் சேர்க்க அதிகாரிகள் இசையவில்லை. பழத்தோட்டம் போடவென்று கேட்காவில் முன்பே வாங்கிய நிலம் ஒன்று இருந்தது. அங்கே கூடாரம் அடித்து அவர்களைக் குடியேற்றினார். கிணறுகள் தோண்டி, கட்டடமும் எழுப்பினர். முக்தி என்று அதற்குப் பெயர். நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பயிர்த்தொழில், அச்சுக் கோத்தல் ஆகியவற்றைக் கற்றுத் தம் கையால் உண்ணத் தொடங்கினர் பெண்கள். பார்வையற்றோர்க்கும் படிப்பு இருந்தது. 1900இல் குஜராத்துப் பஞ்சத்தின்போது அங்கும் ஆட்களை அனுப்பினார். முக்தியில் இருந்தோர் தொகை 1,500க்கு மேல் ஆயிற்று.

தமக்குப்பின் பொறுப்பேற்பார் என்று நம்பிய மனோரமா 1921இல் இறந்தார். 1922 ஏப்ரல் 5இல் அம்மையாரும் மறைந்தார். இல்லம் இன்றும் அங்கேயே நடக்கிறது. நம் வண்டி அவ்வூரில் நிற்பதில்லை. ஒரு நாள் பாசஞ்சரில் போய் இறங்க வேண்டும்.