தொழிலாளரின் வழக்கறிஞர் பாபாசாகேப்

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டம் வகுத்த மேதை எனவும், 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் நம் மக்களுக்கு மும்மணிச் சரணத்தைக் காட்டியருளிய பெருமான் எனவும் நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆனால் அவர் உழைப்பாளிகளுக்காகச் சட்டத்தைக் கையாண்ட வழக்கறிஞர் என்னும் வரலாறு நம்மிற் பலருக்குத் தெரியாது. பஞ்சாலையில் அறுந்த நூலை இணைத்துப் பிழைத்த நாம், அவ்வரலாற்றை எழுதுதல் நம் கடமை எனக் கருதுகிறோம்.

1922-இல் இலண்டனில் கிரேஸ் இன் சட்டக் கழகத்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற பாபாசாகேப், 1923-இல் பம்பாயில் தொழில் தொடங்கினார். வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்வதற்கான கட்டணமும் அவர் கையில் இல்லை. நவல் பாத்தேனா என்னும் பார்சி நண்பர் உதவினார். பட்டம் பெற்றும் தீண்டாமை அவரை விடவில்லை. பாரிஸ்டர்களுக்கு வழக்குகளைக் கொடுக்கும் சொலிசிட்டர்கள் அவரை நாடவில்லை. ஆதலின் மேல்முறையீட்டு வழக்குகளையும் மாவட்ட நீதிமன்றங்களையும் நம்பியே அவர் காலந்தள்ள வேண்டியதாயிற்று. வருவாய் போதாமையால் 1925 முதல் 1928 வரை ஒரு கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டமும் கற்பித்தார்.

அவர் குடியிருந்ததோ பரேலில் ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த ஒரு சாளில். அலுவலகம் அருகிலிருந்த தாமோதர் மண்டபத்தில். ஏழைகளிடம் கூலி எதிர்பாராது அவர் வழக்கு நடத்தினார். ஆலைச் சங்கொலி கேட்டு எழும் மக்களிடையே வாழ்ந்தமையால், தொழிலாளியின் துன்பத்தை நேரிற் கண்டறிந்தார்.

அக்காலத்தில் பம்பாய் ஆலைகளில் கூலி மிகுந்த பகுதி நெசவுப் பகுதியாகும். அங்கே நம் மக்களுக்கு இடமில்லை. நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. தீண்டத்தகாதவன் எச்சில் பட்ட நூலைத் தொடமாட்டோம் என்று மற்றத் தொழிலாளர் மறுத்தனர். கூலி குறைந்த நூற்புப் பகுதியே நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டது. 1928-இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, இத்தடையை நீக்குதலையும் கோரிக்கைகளுள் சேர்க்க வேண்டும் எனப் பாபாசாகேப் தலைவர்களை வற்புறுத்தினார். அவர்கள் மனமின்றியே சேர்த்தனர். முதலாளிகளோ, அது தாங்கள் விதித்த தடையன்று எனக் கூறிவிட்டனர். அன்பர்களே, இவ்விடத்தைச் சற்று நின்று நோக்குக. தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட அநீதி முதலாளியிடமிருந்து மட்டும் வரவில்லை. பக்கத்தில் நின்று வேலை செய்தவனிடமிருந்தும் வந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே கண்டு எதிர்த்தமையே பாபாசாகேபின் தனிச்சிறப்பு.

அதே 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பிரசவ கால உதவி மசோதா விவாதத்திற்கு வந்தது. பெண்ணின் உழைப்பால் இலாபம் பெறுபவர் அவளது பேறுகாலச் சுமையிலும் பங்கேற்றல் நீதி என்றும், தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை என்றும் அவர் வாதிட்டார். அம்மசோதா 1929-இல் சட்டமாயிற்று.

நிற்க. வேலைநிறுத்தம் எதுவாயினும் கண்மூடி ஆதரித்தவர் அல்லர் அவர். முன்னாண்டு வேலைநிறுத்தத்தால் ஏழைகள் கடனில் மூழ்கியிருந்ததைக் கண்டு, 1929-இல் மீண்டும் எழுந்த வேலைநிறுத்தத்தை எதிர்த்தார். அதற்காகப் பழிச்சொல்லும் ஏற்றார். ஆனால் 1938-இல் பம்பாய் அரசாங்கம், வேலைநிறுத்த உரிமையை ஒடுக்கும் தொழில் தகராறு மசோதாவைக் கொணர்ந்தபோது, சட்டமன்றத்தில் அவரது சட்ட அறிவு முழுவதும் வெளிப்பட்டது. வேலையை நிறுத்துதல் ஒப்பந்தத்தை மீறுவதாகலாம். அதற்கு நட்டஈடு கேட்கலாம். அதனைக் குற்றமாக்கிச் சிறையிலிடுதல், விருப்பமற்றவனை உழைக்கக் கட்டாயப்படுத்துவதாகும். அதற்கு அடிமைத்தனம் என்பதே பெயர். இதுவே அவர் வாதத்தின் சாரம். 1936-இல் அவர் நிறுவிய சுதந்திரத் தொழிலாளர் கட்சி, மற்றச் சங்கங்களுடன் சேர்ந்து 1938 நவம்பர் 7-ஆம் நாள் வேலைநிறுத்தம் நடத்தியது. மசோதா நிறைவேறியது உண்மையே. ஆயினும் அவ்வாதம் தோற்றதாக நாம் எண்ணவில்லை.

1942 ஜூலையில் அவர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதுவரை சட்டத்தை எடுத்து வாதாடியவர், இப்போது சட்டத்தை ஆக்கும் இடத்தை அடைந்தார். 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துள் தாமே இறங்கித் தொழிலாளர் நிலையைப் பார்த்தார். 1944-இல் அவர்களுக்கென நலநிதி ஏற்படுத்தும் அவசரச் சட்டம் வந்தது. 1945-இல் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்குச் சட்டம் பிறந்தது. ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்திற்கு 54 மணியாக இருந்த வேலை நேரத்தின் உச்சவரம்பு 1946-இல் 48 மணியாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே குறைந்தபட்சக் கூலி மசோதா கொணரப்பட்டு, 1948-இல் சட்டமாயிற்று. வேலை நிபந்தனைகளை எழுத்தில் வகுத்து அறிவிக்க வேண்டும் என்னும் நிலையாணைகள் சட்டமும் 1946-இல் வந்ததே.

இக்கடைசிச் சட்டத்தின் அருமையை நாம் அனுபவத்தால் அறிந்தோம். ஆலையில் சேர்ந்த புதிதில், எட்டு மணி வேலையும் வார ஓய்வும் நிர்வாகம் இரங்கி அளித்த சலுகை என்றே நாம் நினைத்திருந்தோம். ஒருநாள் தோழர் ஒருவரை மேற்பார்வையாளர் வாய்ச்சொல்லால் வெளியே அனுப்பிவிட்டார். நாமோ பள்ளிப் படிப்பு நிரம்பாதவர்; வாயிற்பலகையில் ஒட்டியிருந்த நிலையாணைகளை எழுத்துக்கூட்டிப் படித்தோம். குற்றத்தை எழுத்தில் அறிவித்து, பதில் சொல்ல வாய்ப்பளித்த பின்னரே தண்டிக்கலாம் என்று அதில் கண்டிருந்தது. அதையே சுட்டிக்காட்டிக் கேட்டோம். மூன்றாம் நாள் தோழர் வேலைக்குத் திரும்பினார். அன்றிரவு அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததைப் பார்த்து வந்த பிறகே, பாபாசாகேபின் வாழ்க்கையை நாம் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னும், வழக்கறிஞர் வைக்க வழியில்லாத ஒருவனுக்காக அவர் வாதாடிக்கொண்டிருந்தார் என்பதை உணர்ந்தோம்.

சிகாலோவாத சூத்திரத்தில் பகவான் புத்தர், வேலை கொள்பவரின் கடமைகள் ஐந்தினை வகுத்தருளினார். ஆற்றலறிந்து வேலை தருதலும், உணவும் கூலியும் அளித்தலும், நோயுற்ற காலத்துப் பேணுதலும், உரிய காலத்தில் ஓய்வு விடுதலும் அவற்றுள் அடங்கும். பாபாசாகேப் துணைநின்ற சட்டங்களை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லறத்தார்க்கு அறமாக உரைக்கப்பட்டவை இங்கே உழைப்பாளியின் உரிமையாக நிற்கின்றன.

ஆகவே அன்பர்களே, உங்கள் கூலிச்சீட்டையும் பணி ஆணையையும் பத்திரப்படுத்துங்கள். அவற்றைப் படிக்க இயலாதவர்க்குப் படித்துச் சொல்லுங்கள். நீங்கள் மேற்பார்வையாளராக உயர்ந்தால், உங்கள் கீழ் உழைப்பவனிடம் அந்த ஐந்து கடமைகளையும் மறவாதீர்கள். பாபாசாகேபின் படத்திற்கு மாலையிடும் நாளில் இதையும் செய்வோமாக.

பவது சப்ப மங்களம்.