சொற்கடல் கடந்த இந்தியர்: முர்தளா ஸபீதீ (ரஹ்)

முல்லைப்பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்வெளிகளில் உழவர் பெருமக்கள் விளைச்சலை மகசூல் என்பர். வர வேண்டிய பணத்தை வசூல் என்றும், வராது நிற்பதைப் பாக்கி என்றும் கூறுவர். பத்திரத்தின் அசலும் நகலும், நிலக் கணக்கின் பசலி ஆண்டும் அவர்தம் அன்றாட வழக்கில் உள்ளவை. இவையனைத்தும் அரபு மொழி வேர்களினின்றும் கிளைத்த சொற்களாகும். மக்தபில் ஓதியவரும் ஓதாதவரும், எம்மதத்தவரும் இவற்றை வழங்குகின்றனர். நாவில் வழங்கும் சொல்லின் வேரைக் காண விழைவோர் அகராதியையே நாடுதல் வேண்டும். பழைய அரபு அகராதிகளுள் அளவிற் பெரியதெனப் போற்றப்பெறுவது தாஜுல் அரூஸ். அதனை ஆக்கிய பேரறிஞர் இந்திய மண்ணிற் பிறந்தவர் என்பது நம் மாணவர் பலரும் அறியாத செய்தியாகும்.

பிறப்பும் கல்வியும்

இன்றைய உத்தரப்பிரதேச மாநிலத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் பில்கிராம் என்னும் ஊர் உள்ளது. அறிஞர் பலரை ஈன்ற அவ்வூரில், ஹிஜ்ரி 1145, அஃதாவது கி.பி. 1732ஆம் ஆண்டில், ஸையித் முஹம்மது முர்தளா பிறந்தார். இராக் நாட்டு வாஸித் நகரிலிருந்து வந்து குடியேறிய மரபினர் அவர்தம் முன்னோர். தமிழகத்தில் வீரமாமுனிவர் சதுரகராதியை நிறைவு செய்ததும் அதே 1732ஆம் ஆண்டில்தான். இத்தாலியில் பிறந்தவர் தமிழுக்கு அகராதி தந்த ஆண்டிலேயே, அரபுக்கு அகராதி தரவிருந்தவர் இந்தியாவில் பிறந்தார் எனின், மொழித்தொண்டு பிறப்பிடத்தைப் பொறுத்ததன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இளமையில் தில்லிப் பேரறிஞர் ஷாஹ் வலிய்யுல்லாஹ் அவர்களிடம் பாடங்கேட்டார் முர்தளா. பின்னர்க் கடல் கடந்து யமன் நாட்டின் ஸபீது நகரை அடைந்து, அங்கே நெடிது தங்கிக் கற்றார். ஸபீதீ என்னும் பெயர் அதனால் வாய்த்ததே. அந்நகருக்கு அகராதி வரலாற்றில் தனியிடம் உண்டு. அல்காமூஸுல் முஹீத் என்னும் புகழ்மிக்க அகராதியின் ஆசிரியர் ஃபைரூஸாபாதீ இறுதிக் காலத்தைக் கழித்து 1415இல் மறைந்தது அங்கேதான். மக்காவிலும் ஆசிரியர் பலரை அடுத்துக் கற்ற முர்தளா, 1753இல் கெய்ரோ நகரை அடைந்தார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அந்நகரிலேயே கழிந்தது.

பதினான்கு ஆண்டு உழைப்பு

காமூஸ் சுருங்கச் சொல்லும் இயல்பினது. சூத்திரத்திற்கு உரை வேண்டுவது போன்று அதற்கும் விரிவுரை வேண்டியிருந்தது. ஹிஜ்ரி 1174இல் அப்பணியைத் தொடங்கிய ஸபீதீ அவர்கள் 1188இல், அஃதாவது கி.பி. 1774இல், நிறைவு செய்தார்கள். இப்னு மன்ளூரின் லிஸானுல் அரப் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை ஆராய்ந்து, எடுத்த இடங்களை முன்னுரையில் பெயர் சுட்டிக் குறித்தார்கள். காமூஸில் ஏறத்தாழ 60,000 பதிவுகளும் தாஜுல் அரூஸில் ஏறத்தாழ 1,20,000 பதிவுகளும் உள்ளன எனக் கணக்கிடுவர்.

இவ்வகராதியின் அமைப்பு தமிழ் மாணவர்க்கு வியப்பளிப்பதாகும். அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரினின்று பிறப்பவை. நாமறிந்த கிதாபு, மக்தபு, காத்திபு ஆகிய மூன்றும் காஃப், தே, பே என்னும் ஒரே வேரின. நூலும், எழுதப் பயிலும் இடமும், எழுதுவோனும் ஒரு வேரினின்றே கிளைக்கக் காண்கிறோம். காமூஸும் தாஜும் வேரின் இறுதி எழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்தப்பட்டவை. எனவே கிதாபு என்பதனைப் பே என்னும் எழுத்தின் கீழ்த் தேடல் வேண்டும். செய்யுளியற்றுவோர்க்கு இயைபு தேட இம்முறை உதவும். சதுரகராதியின் தொடைப் பகுதி எதுகை நோக்கி அமைந்ததை இதனுடன் ஒப்பு நோக்கலாம்.

நூலின் ஒரு பகுதி நிறைவெய்தியபோது கெய்ரோ அறிஞர்களை விருந்திற்கு அழைத்து அதனைக் காட்டினார்கள். அவர்கள் வியந்து, நம் புலவர்கள் சாற்றுகவி வழங்குவது போன்று, பாராட்டுரைகள் எழுதி வழங்கினர். அக்காலத்து எகிப்தின் ஆட்சித் தலைவர் முஹம்மது பே அபுத்தஹப், அல்அஸ்ஹருக்கு அருகில் தாம் எழுப்பிய பள்ளிவாசலின் நூலகத்திற்காக, ஓர் இலட்சம் வெள்ளித் திர்ஹம் ஈந்து ஒரு படியைப் பெற்றார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவுக்கும் ஸபீதீ அவர்கள் பெருவிரிவுரை வரைந்துள்ளார்கள்.

இறுதி நாட்கள்

துருக்கியும் பாரசீகமும் அறிந்திருந்த அப்பெருமகனாரைக் காணப் பல நாட்டு ஹஜ்ஜுப் பயணிகளும் அறிஞர்களும் வந்தனர். வந்தோரிடம் ஊரும் மரபும் கேட்டறிந்து குறித்துக்கொள்வது அவர்தம் வழக்கம். அவ்வாறு எழுந்த வாழ்க்கைக் குறிப்பு நூலில் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் இடம்பெற்றுள்ளனர்.

1782இல் துணைவியார் ஸுபைதா மறைந்தார். அத்துயர் அவரை வாட்டியது. துணைவியின் அடக்கத்தலத்தில் நினைவிடம் எழுப்பி, இரங்கற்பாக்கள் பல பாடினார். பிற்காலத்தில் வீட்டின் கதவை அடைத்து, பரிசில்களை மறுத்து, ஒதுங்கி வாழ்ந்தார். 1791இல் கெய்ரோவைத் தாக்கிய கொள்ளைநோய் அவரையும் கொண்டு சென்றது. அவருக்கு மக்களில்லை. பலருடைய நினைவைப் போற்றி எழுதிய அவருக்கு இரங்கற்பா பாடப் புலவர் ஒருவரும் முன்வரவில்லை என அவர்தம் மாணவரான வரலாற்றாசிரியர் ஜபர்த்தீ வருத்தத்துடன் பதிந்துள்ளார்.

வேற்று மொழிக்குத் திறந்த வாயில்

எனினும் நூல் வாழ்ந்தது. எட்வர்ட் வில்லியம் லேன் என்னும் ஆங்கிலேயர் 1842இல் கெய்ரோ வந்து, தாஜுல் அரூஸை அடிப்படையாகக் கொண்டு அரபு ஆங்கில அகராதி ஆக்கத் தொடங்கினார். அச்சேறாதிருந்த தாஜை, ஷைகு இப்ராஹீம் தஸூக்கீயின் துணைகொண்டு பதின்மூன்று ஆண்டுகளில் இருபத்து நான்கு தொகுதிகளாகப் படியெடுப்பித்தார். முதற்பகுதி 1863இல் வெளிவந்தது. பணி முடியுமுன் 1876இல் லேன் காலமானார். அவர்தம் உறவினர் ஸ்டான்லி லேன்பூல் எஞ்சிய பகுதியை 1893இல் வெளியிட்டு முடித்தார். தாஜுல் அரூஸ் பின்னர்க் குவைத்தில் நாற்பது தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பெற்றது. ஆங்கிலம் வழி அரபு கற்போர் லேனின் ஏட்டைப் புரட்டுந்தோறும், பில்கிராமில் பிறந்தவரின் உழைப்பையே நுகர்கின்றனர்.

நமது கடமை

உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர் முதலிய ஊர்களின் மக்தபுகளில் நம் சிறுவர்கள் திருக்குர்ஆனை அழகுற ஓதக் கற்கின்றனர். ஓதிய சொல்லின் பொருளை வினவும் மாணவனுக்கு விடை பகர நாம் எத்துணை ஆயத்தமாக உள்ளோம் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் பெரியோரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓசையை மட்டும் கையளித்துப் பொருளைக் கையளியாது விடுவோமாயின் பாதிச் செல்வமே அவர்களைச் சேரும்.

நம் முன்னோர் அறபுத் தமிழில் நூல்கள் இயற்றி இரு மொழிக்கும் பாலம் அமைத்தனர். அவ்வழியில், தமிழ் பயிலும் மாணவர்கள் தத்தம் ஊரில் வழங்கும் அரபுச் சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, வேரும் பொருளும் காணலாம். ஆலிம் பெருமக்களும் தமிழாசிரியரும் அருகமர்ந்து துணைபுரியலாம். ஸபீதீ அவர்களின் பேரகராதியும் கேட்டறிந்து குறித்துவைக்கும் பழக்கத்தாலேயே வளர்ந்தது. அப்பழக்கம் நம் மாணவரிடத்தும் வேரூன்ற வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!