'பேதியில போவான்': காலரா நஞ்சைக் கண்டுபிடித்த சம்புநாத் டே யார்?

திருநெல்வேலிப் பக்கம் கோபம் வந்தால் இன்னைக்கும் சில பாட்டிகள் வாயில் வரும் வசவு, 'பேதியில போவான்'. கேட்கிறவர்களுக்கு அது சும்மா ஒரு திட்டு. ஆனால் அந்தப் பேதி சாதாரண வயிற்றுப்போக்கு இல்லை, காலரா. காலையில் நல்லா இருந்த ஆள் ராத்திரிக்குள் செத்துப்போன காலத்தை, ஊர் தன் வசவில் பத்திரமா வைத்திருக்கிறது.

குடிக்க, குளிக்க, துவைக்க, மாடு கழுவ என எல்லாத்துக்கும் ஒரே தாமிரபரணிதான். படித்துறையில் கூட்டம் சேரும் திருவிழா நாட்களிலும் பஞ்ச காலத்திலும் ஆற்றங்கரை ஊர்கள் பயந்தது இதுக்குத்தான். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி ஆறு ஊருக்குள் வந்தபோது, தண்ணீர் வடிஞ்சதும் குளோரினும் மருத்துவ முகாம்களும் தேவைப்பட்டதற்குப் பின்னால் இருப்பதும் அதே பழைய பயம்தான்.

அந்த நோய் உடம்பை எப்படிக் கொல்கிறது என்று கண்டுபிடித்தவர் ஒரு இந்தியர். பெயர் சம்புநாத் டே. பள்ளிப் பாடப்புத்தகத்தில் இவரைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

ஹூக்ளி கிராமத்துப் பையன்

1915 பிப்ரவரி 1-ம் தேதி, மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் உள்ள கரிபாட்டி கிராமத்தில் பிறந்தார் டே. அப்பாவுக்குச் சின்ன வியாபாரம், பெரிய வருமானம் கிடையாது. உறவினர் உதவியிலும் ஸ்காலர்ஷிப்பிலும்தான் படிப்பு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1939-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கே நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்தவரின் மகள் தருபாலாவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

1947-ல் லண்டன் போய், ராய் கேமரூன் என்ற பெரிய நோய்க்குறியியல் நிபுணரிடம் ஆய்வு செய்து 1949-ல் பி.எச்டி. முடித்தார். ஊர் திரும்பிய அவர் கையில் எடுத்தது காலரா. கல்கத்தா ஆஸ்பத்திரி வார்டுகளில் நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. கருவிகளுக்குத்தான் பஞ்சம்.

70 வருஷமா எங்கே தப்பு நடந்தது?

காலரா கிருமியை ஜெர்மனியின் ராபர்ட் கோக் 1884-லேயே கல்கத்தாவில் அடையாளம் கண்டுவிட்டார். கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்றும் அவர் ஊகித்தார். ஆனால் நிரூபிக்க முடியவில்லை. விலங்குகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் மனிதருக்கு வருவது போன்ற நோய் வரவில்லை. ரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். விலங்கு செத்தது, ஆனால் பேதி ஆகவில்லை. நஞ்சு கிருமியின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது, கிருமி செத்து உடையும்போதுதான் வெளியே வருகிறது என்ற முடிவுக்குப் பலரும் வந்துவிட்டார்கள்.

டே யோசித்தது ரொம்ப சிம்பிள். நோய் நடப்பது குடலில். அப்போ சோதனையும் குடலில்தானே நடக்கணும்? முயலின் சிறுகுடலில் ஒரு சின்னத் துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தால் அந்தத் துண்டு பலூன் மாதிரி உப்பியிருந்தது. உள்ளே காலரா நோயாளிகளிடம் பார்க்கிற, அரிசி கழுவின தண்ணி மாதிரியான அதே திரவம். சக ஆய்வாளர் சட்டர்ஜியுடன் சேர்ந்து 1953-ல் இதை வெளியிட்டார். பணம் அதிகம் தேவைப்படாத, பல லேப்கள் பின்னால் அப்படியே எடுத்துக்கொண்ட சோதனை இது.

அடுத்த அடி இன்னும் முக்கியம். கிருமியை ஒரு திரவத்தில் வளர்த்து, கிருமிகள் எல்லாத்தையும் வடிகட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய திரவத்தை மட்டும் முயல் குடலுக்குள் செலுத்தினார். ஒரு கிருமிகூட இல்லை, ஆனாலும் குடல் உப்பியது. அதாவது, கிருமி உயிரோடு இருக்கும்போதே நஞ்சை வெளியே விடுகிறது. கோக் ஊகித்து 75 வருஷம் கழித்து, 1959-ல் 'நேச்சர்' இதழில் சின்னக் கட்டுரையாக இது வந்தது.

நஞ்சு என்ன செய்கிறது?

குடல் சுவரை அது கிழிப்பதில்லை. அந்த நஞ்சுக்கு இரண்டு பகுதி: ஒன்று குடல் செல்லைப் பிடித்துக்கொள்ளும், இன்னொன்று உள்ளே நுழைந்து ஒரு சுவிட்சை ஆன் செய்துவிட்டு ஆஃப் ஆகவிடாமல் வைக்கும். செல் உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், பின்னாலேயே தண்ணீரும் போகும். நோய் முற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை போகலாம். ஆள் சாவது கிருமியால் அல்ல, உடம்பு வற்றிப்போவதால்.

நல்ல விஷயம், குளுக்கோஸோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழி மட்டும் குடலில் கெடாமல் இருக்கும். உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது அதனால்தான். 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது, பன்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு, கரைசல் குடித்தவர்களிடம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அதுதான்.

கிடைக்காத மரியாதை

நஞ்சைத் தனியாகச் சுத்தம் செய்து பிரித்தெடுக்க டேயும் முயன்றார். அதற்கான வசதி அவரிடம் இல்லை. 1969-ல் அமெரிக்காவில் ஃபின்கல்ஸ்டீன் குழு அதைச் செய்தது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், டே பெயரை நோபலுக்கு ஒரு முறைக்கு மேல் பரிந்துரைத்தார். 1978-ல் காலரா பற்றிய கருத்தரங்குக்கு நோபல் அறக்கட்டளையே அவரை ஸ்வீடனுக்கு அழைத்தது. இந்திய அறிவியல் அகாடமிகள் எதுவும் அவரைக் கடைசிவரை உறுப்பினர் ஆக்கவில்லை. கூச்ச சுபாவம், சொந்த விளம்பரம் தெரியாது என்று காரணம் சொல்வார்கள். ஆளைத் தேடிப் போய் கௌரவிக்க வேண்டியது அகாடமிகளின் வேலை இல்லையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 1973-ல் ஓய்வு பெற்ற டே, 1985 ஏப்ரல் 15-ல் இறந்தார். பெங்களூரிலிருந்து வரும் 'கரன்ட் சயின்ஸ்' இதழ் அவருக்காகச் சிறப்பிதழ் போட்டது 1990-ல்.

நஞ்சு கிருமியுடையதே இல்லை!

அவர் பார்க்காமல் போன ட்விஸ்ட் 1996-ல் வந்தது. நஞ்சை உருவாக்கும் ஜீன் காலரா கிருமியின் சொந்தச் சொத்து அல்ல; பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்று வால்டோர், மெக்கலானோஸ் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டினார்கள். 2000-ல் முழு டிஎன்ஏவையும் படித்தபோது கிருமிக்கு இரண்டு குரோமோசோம்கள், சுமார் 40 லட்சம் எழுத்துகள் என்று தெரிந்தது.

இந்தக் கிருமியின் இயல்பான வீடு மனிதக் குடல் அல்ல. ஆறும் கடலும் கலக்கும் உவர்நீர்தான். அங்கே கண்ணுக்குத் தெரியாத சின்ன மிதவை உயிரிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழும். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் மாதிரியான கழிமுகங்கள் இந்தக் குடும்பத்துக்குப் பிடித்த இடம். அதனால் பதற வேண்டாம், இயற்கையில் வாழும் ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு நஞ்சு ஜீனே கிடையாது. வங்கதேசக் கிராமங்களில், பழைய சேலையைப் பல மடிப்பா மடித்து அதில் தண்ணீரை வடிகட்டியதிலேயே காலரா கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்ததை 2003-ல் ரீட்டா கோல்வெல் குழு பதிவு செய்தது. மிதவை உயிரி சேலையில் சிக்கினால், கிருமியும் கூடவே சிக்கும்.

டே இறந்து ஏழு வருஷம் கழித்து, 1992 கடைசியில், சென்னையில் ஒரு புது ரகம் கிளம்பியது. ஓ139 என்று பெயர். மேல் உறைக்கான ஜீன்களை மாற்றிக்கொண்டதால், ஏற்கெனவே காலரா வந்து தப்பியவர்களின் எதிர்ப்புச் சக்திக்கும் அதை அடையாளம் தெரியவில்லை. ஆனால் அது சுரந்தது பழைய நஞ்சையேதான். இப்போது ஆற்றுத் தண்ணீரிலோ நோயாளியிடமோ சந்தேகப்படும் கிருமி கிடைத்தால், ஆபத்தானதா இல்லையா என்று முடிவு செய்ய லேபில் பி.சி.ஆர். போட்டுத் தேடுவது அந்த நஞ்சின் ஜீனைத்தான்.