பிளாஸ்மாவுக்குப் பெயரிட்டவர்

சொற்களின் பிறப்பை ஆராய்வது என்போன்ற தமிழாசிரியர்க்கு இயல்பாய் அமைந்த பித்து. விண்கலமொன்று பூமிக்கு மீளும்போது அதனோடு வானொலித் தொடர்பு சிறிது நேரம் அற்றுப்போகும் என்றும், கலத்தைச் சூழும் பிளாஸ்மா எனும் மின்னேற்ற வாயுவே அதற்குக் காரணம் என்றும் படித்த அன்று, அவ்வாயுவுக்கு அப்பெயரைச் சூட்டியவர் யாரெனத் தேடப் புகுந்தேன். அவ்வழியிற் கண்டவரே இர்விங் லாங்மியூர்.

அமெரிக்க நாட்டுப் புரூக்ளினில் 1881ஆம் ஆண்டு பிறந்த இவருக்கு இளமையிற் கண்பார்வை குன்றியிருந்தது. பதினொரு வயதுவரை அக்குறை திருத்தப்படவில்லை. ஜேர்மனியிற் கோட்டிங்கென் பல்கலைக்கழகத்திலே நேர்ன்ஸ்ற் எனும் பேரறிஞரிடம் பயின்று, 1906இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் மூன்றாண்டு ஆசிரியத் தொழில் புரிந்தார். 1909ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்துக்குச் சென்றவர் வகுப்பறைக்கு மீளவேயில்லை. எங்கள் தொழிலுக்கு அது நட்டந்தான்!

மின்குமிழின் கண்ணாடி நாளடைவிற் கறுப்பதேன் என்பது அங்கு அவர் எடுத்துக்கொண்ட வினா. சூடேறிய தங்குதன் இழை ஆவியாகிக் கண்ணாடியிற் படிவதே காரணம் எனக் கண்டார். குமிழினுள் வெற்றிடத்தை மேலும் செம்மையாக்கப் பிறர் முயல, இவரோ அதனுள் வாயுவை நிரப்பி அவ்வாவியைத் தடுத்தார். 1932இல் இவருக்குக் கிடைத்த நோபல் பரிசு மேற்பரப்பு இரசாயனத்துக்கு உரியது. முதுமையிற் செயற்கை மழைபற்றி இவர் கூறியவற்றை ஏனைய அறிஞர் பலர் ஏற்றிலர்.

நமக்கு வேண்டியது 1928ஆம் ஆண்டு. மின்பாயும் வாயுவிலே இலத்திரன்களும் அயன்களும் சரிநிகராய்க் கலந்துள்ள பகுதிக்கு அவ்வாண்டிற் பிளாஸ்மா எனப் பெயரிட்டார். வார்த்து உருவாக்கப்பட்டது என்பது அக்கிரேக்கச் சொல்லின் மூலப்பொருள். மறுவருடம் தொங்ஸ் என்பாருடன் சேர்ந்து அதன் இயல்பொன்றை விளக்கினார். இலத்திரன்களைச் சற்றே இடம்பெயர்த்தால், அயன்கள் அவற்றைத் திரும்ப இழுக்கும். இழுபட்டவை நில்லாமல் மறுபுறஞ் சென்று ஊசலாடும். இலத்திரன்கள் நெருங்கியிருக்குமளவுக்கு அவ்வூசலின் மீடிறன் உயரும். அதனினுங் குறைந்த மீடிறனுடைய வானொலி அலை பிளாஸ்மாவை ஊடுருவ மாட்டாது, பட்டுத் திரும்பும்.

1957 ஓகத்து 16இல் லாங்மியூர் காலமானார். சரியாக 49ஆம் நாள், ஒக்டோபர் 4இல், முதற் செயற்கைச் சந்திரன் விண்ணேறியது.

1962 பெப்ரவரி 20இல் ஜோன் கிளென் பூமியை மும்முறை வலம்வந்து மீண்டார். அவர் கலத்தின் வெப்பக் கவசம் கழன்றிருக்கலாம் என ஒரு குறிகாட்டி அறிவித்திருந்தது. கழன்றிருப்பின் கலம் எரிந்தொழியும். கவசம் தாங்குமோ தாங்காதோ என்பதை அறியவேண்டிய அந்நேரத்திலேயே, கலத்தின் முன் நசுங்கிய காற்று பல்லாயிரம் பாகை வெப்பமுற்றுப் பிளாஸ்மாவாகிக் கலத்தைப் போர்த்தது. நாலு நிமிடத்துக்கு மேலாகத் தரையிலிருந்தோர் அழைத்தனர், மறுமொழி இல்லை. பின்பு வேகந் தணிந்து உறை கலைய, கிளெனின் குரல் கேட்டது. கவசம் கழன்றிருக்கவில்லை, பிழைபட்டது குறிகாட்டியே.