அழ. வள்ளியப்பா

அழ. வள்ளியப்பா (நவம்பர் 7, 1922 - மார்ச் 16, 1989) தமிழில் குழந்தைகளுக்கெனப் பாடல்களும் கதைகளும் எழுதிய கவிஞர், இதழாசிரியர் ஆவார். குழந்தைக் கவிஞர் என்னும் பெயரால் பரவலாக அறியப்படுகிறார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைப் பாடல்களை இயற்றியுள்ளார். சிறுவர்களுக்கான நெடுங்கதைகள், வாழ்க்கை வரலாறுகள், கட்டுரைகள் ஆகியவற்றையும் எழுதியுள்ளார். குழந்தைகளுக்கு எழுதுவது இலக்கியத்தில் ஒரு தனித்துறை என்பதை நிலைநாட்டுவதற்காகச் சங்கம் அமைத்துச் செயற்பட்டவர்.

பிறப்பும் கல்வியும்

வள்ளியப்பா, இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் வட்டத்தைச் சேர்ந்த இராயவரம் என்னும் ஊரில் பிறந்தார். அவர் பிறந்த காலத்தில் அவ்வூர் புதுக்கோட்டை சமத்தானத்தில் இருந்தது. சமத்தானம் 1948 இல் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டு, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாகியது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 இல்தான். பெற்றோர் அழகப்பச் செட்டியார், உமையாள் ஆச்சி. இயற்பெயர் வள்ளியப்பன். பெயருக்கு முன்னுள்ள "அழ." என்பது தந்தையின் பெயரைக் குறிக்கும், நகரத்தார் குடும்பங்களில் இவ்வாறு இரண்டெழுத்துகளைத் தலைப்பெழுத்தாக இடும் வழக்கம் உண்டு.

தொடக்கக் கல்வியை இராயவரத்திலும், உயர்நிலைக் கல்வியைக் கடியாபட்டி இராமச்சந்திரபுரத்தில் உள்ள பூமீசுவரசுவாமி உயர்நிலைப் பள்ளியிலும் பெற்றார். பள்ளியில் படிக்கும்போதே பாடல் கட்டும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டிருந்தது. கல்லூரிப் படிப்பு வாய்க்கவில்லை.

சக்தி அலுவலகமும் வங்கிப் பணியும்

1940 இல் சென்னைக்குச் சென்று சக்தி அலுவலகத்தில் வேலையில் சேர்ந்தார். சக்தி இதழையும் பதிப்பகத்தையும் நடத்திய வை. கோவிந்தனும் இராயவரத்தைச் சேர்ந்தவரே. நல்ல நூல்களை மலிவு விலையில் வெளியிட்டதற்காகத் தமிழ்ப் பதிப்புலகில் நினைக்கப்படுபவர் அவர். சக்தியில் ஆசிரியராக இருந்த எழுத்தாளர் தி. ஜ. ரங்கநாதன் அளித்த ஊக்கத்தால் வள்ளியப்பா கதை எழுதத் தொடங்கினார். அவருடைய முதல் கதையின் பெயர் ஆளுக்குப் பாதி. இருப்பதைப் பகிர்ந்துகொள்ளுதல் என்னும் இக்கருத்து பிற்காலத்தில் அவருடைய பல பாடல்களிலும் வருவதைக் காணலாம்.

1941 இல் இந்தியன் வங்கியில் பணியில் சேர்ந்தார். 1982 இல் ஓய்வு பெறும் வரை அவ்வங்கியிலேயே பணியாற்றினார். இன்று அறியப்படும் அவருடைய நூல்களில் பெரும்பகுதி, பகலில் வங்கிக் கணக்கும் மற்ற நேரத்தில் எழுத்துமாக இருந்த அந்த நாற்பதாண்டுகளில் உருவானவை. எழுத்தை மட்டுமே நம்பி வாழவேண்டிய நிலையில் இருந்திருந்தால், விற்பனைக்கு உறுதியில்லாத இத்துறையில் அவர் இத்தனை காலம் நிலைத்திருக்க இயலுமா என்பது ஐயமே.

குழந்தைப் பாடல்கள்

வள்ளியப்பாவுக்கு முன்னும் தமிழில் குழந்தைகளுக்கான பாடல்கள் இருந்தன. பாரதியார் பாப்பாப் பாட்டை எழுதியிருந்தார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பசுவையும் கிளியையும் பற்றி எளிய பாடல்களை இயற்றியிருந்தார். ஆனால் பள்ளிகளில் சிறுவர்கள் மனப்பாடம் செய்தவற்றில் மிகுதியானவை ஆத்திசூடி, கொன்றை வேந்தன் போன்ற நீதிநூல்களே. அவற்றின் சொற்களைச் சந்தி பிரித்துப் பொருள் சொல்ல ஆசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். பெரியவர் துணையின்றிக் குழந்தை தானாகவே பாடிப் பொருளறியக்கூடிய பாட்டு என்பது அன்று அருகியே இருந்தது.

1944 இல் 23 பாடல்களைக் கொண்ட மலரும் உள்ளம் என்னும் முதல் தொகுதி வெளிவந்தது. பின்னர் இத்தொகுதி விரிவாக்கப்பட்டது. அதன்பின் வந்த சிரிக்கும் பூக்கள் என்னும் தொகுதியும் பெரும் வரவேற்பைப் பெற்றது.

இவருடைய பாடல்களின் அமைப்பை அறிய, லட்டைப் பற்றிய பாடல் ஒன்றே போதுமானது. தட்டில் எட்டு லட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பாதியை அண்ணன் எடுத்துக்கொள்கிறான். மீதியைத் தங்கை தின்றுவிடுகிறாள். கடைசியில் தட்டு காலியாகிறது. பாடலின் அடிகள் எல்லாம் டகர ஒற்றிரட்டித்து உகரத்தில் முடிகின்றன. குழந்தைகளின் பெயர்களும் அதே ஒலியில் முடியுமாறு தெரிந்தெடுக்கப்பட்டுள்ளன. எட்டில் பாதி நான்கு என்னும் கணக்கும், வல்லின இரட்டிப்பை உச்சரிக்கும் பயிற்சியும் இதில் அடங்கியுள்ளன. எனினும் பாடும் குழந்தைக்கு இவை எதுவும் பாடமாகத் தோன்றுவதில்லை. அறிவுரை ஒன்றும் இறுதியில் சேர்க்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மாம்பழத்தைப் பற்றிய மற்றொரு பாடலில் பழத்தின் வகை, ஊர், நிறம், சுவை எல்லாவற்றையும் வரிசையாகக் கூறிவிட்டு, பங்கிட்டு உண்ணப் பிற குழந்தைகளை அழைக்கிறார்.

சந்தியால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள்வது தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவருக்குப் பெரும் தடையாகும். வள்ளியப்பா இயன்றவரை இரண்டு மூன்று எழுத்துச் சொற்களையே தேர்ந்து, அடிகளைக் குறுக்கி, ஓசை தானாகவே அடுத்த சொல்லை நினைவூட்டுமாறு அமைத்தார். ஆகவேதான் எழுத்தறியாத மழலையரும் இப்பாடல்களைக் கேட்ட அளவில் பாடிவிடுகின்றனர். ஈசாப் கதைப் பாடல்கள், பாட்டிலே காந்தி கதை போன்றவை சற்று வளர்ந்த சிறுவர்களுக்கானவை. கதையைத் தொடர்ந்து சொல்லிச் செல்ல வேண்டியிருப்பதால் இவற்றில் சிறு பாடல்களின் துள்ளல் சற்றுக் குறைவு என்றே கூறவேண்டும்.

நெடுங்கதைகளும் பிற நூல்களும்

பாட்டுப் பருவத்தைக் கடந்து, தானாகப் படிக்கத் தொடங்கும் சிறுவர் சிறுமியருக்குப் பெரியவர்களின் நாவல் பொருந்தாது. மழலைப் பாட்டும் போதாது. இந்த இடைப்பட்ட வயதினருக்காக, நாவலைவிடச் சிறியதாய், அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்ட கதைநூல்கள் தேவைப்பட்டன. இத்தேவையை நிறைவு செய்ய முயன்ற தமிழ் எழுத்தாளர்களுள் வள்ளியப்பாவும் ஒருவர். நீலா மாலா, நல்ல நண்பர்கள், பர்மா ரமணி, வேட்டை நாய் முதலியவை இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. சிறுவர் நெடுங்கதைகளில் துணிச்சலான செயல்களைப் பெரும்பாலும் பையன்களே செய்துவந்த காலத்தில், நீலா மாலா இரு சிறுமியரின் பெயர்களையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்தது. பர்மா ரமணி என்னும் பெயர், தலைமுறை தலைமுறையாகப் பர்மாவுக்குச் சென்று தொழில் செய்த செட்டிநாட்டவரின் வாழ்க்கையை நினைவூட்டுவது.

அக்காலத்துச் சிறுவர் இதழ்களில் மந்திரவாதிகளும் மாயக் கம்பளங்களும் பேய்களும் நிறைந்த கதைகளுக்குக் குறைவில்லை. 1947 இல் தொடங்கிய அம்புலிமாமா, இளவரசர்களும் வேதாளமும் உலவும் கதைகளைக் கொண்டே பெரும் வாசகர் கூட்டத்தைத் திரட்டியது. வள்ளியப்பாவின் சமகாலத்தவரான கல்வி கோபாலகிருஷ்ணன், பறக்கும் பாப்பா போன்ற மாயக் கற்பனைகளின் வழியாக அறிவியலைக் கூறினார். புதுக்கோட்டை மாவட்டத்தின் அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமா (1925 - 2014), மாயாசாலக் கதைகளிலும் சாகசக் கதைகளிலும் சித்திரக் கதைகளிலும் புகழ்பெற்றார். வள்ளியப்பாவின் நாட்டம் வேறு திசையில் இருந்தது. நாய்க்குட்டி, அணில், பொம்மை, தின்பண்டம் என வீட்டிலும் தெருவிலும் குழந்தை காண்பவையே அவருக்குப் போதுமான வியப்பைத் தந்தன. மாயக்கதைகளை விரும்பிய சிறுவர்கள் வாண்டுமாமாவிடம் சென்றார்கள் என்பதும் உண்மையே. இவ்விரு போக்குகளுக்கும் ஒரே வட்டாரம் பிறப்பிடமாக இருந்தது ஒரு சுவையான செய்தியாகும்.

தேசியத் தலைவர்கள், அறிஞர்கள் முதலியோரின் இளமைக்கால நிகழ்ச்சிகளைத் தொகுத்துச் சின்னஞ்சிறு வயதில், பிள்ளைப் பருவத்திலே ஆகிய நூல்களை எழுதினார். தென்னாட்டு ஆறுகளைப் பற்றிய நம் நதிகள் என்னும் நூலை நேசனல் புக் டிரஸ்ட், நேரு பால புத்தகாலய வரிசையில் வெளியிட்டது. இந்நூல் இந்திய மொழிகள் பலவற்றில் மொழிபெயர்க்கப்பட்டது. உலகக் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர்களின் வாழ்க்கையைக் கூறும் கதை சொன்னவர் கதை இரு பாகங்களாக வெளிவந்தது. கதையைப் படித்துவிட்டு அதை எழுதியவரை மறந்துவிடும் வாசகர்களுக்காக எழுதப்பட்ட நூல் இது. இதே மறதி இந்நூலாசிரியருக்கும் பின்னாளில் நேர்ந்தது. அவருடைய பாடல்கள் பல, இயற்றியவர் பெயரின்றி மழலையர் பாட்டுப் புத்தகங்களிலும் ஒலிநாடாக்களிலும் இடம்பெற்று, நாட்டார் பாடல்கள் எனப் பலராலும் எண்ணப்படுகின்றன.

இதழ்ப் பணியும் சங்கமும்

இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் புதுக்கோட்டையிலிருந்து சிறுவர் இதழ்கள் பல வெளிவந்தன. சிறிய அளவில், குறைந்த பக்கங்களோடு, குறைந்த விலையில் வந்த இவ்விதழ்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளே நீடித்தன. வங்கிப் பணியில் இருந்தவாறே பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை ஆகிய சிறுவர் இதழ்களுக்கு வள்ளியப்பா மதிப்புறு ஆசிரியராக விளங்கினார். ஓய்வு பெற்றபின், கல்கி நிறுவனத்தின் கோகுலம் இதழுக்கு 1983 முதல் 1987 வரை ஆசிரியராக இருந்தார்.

1950 இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றுவதற்கு இவரே முதன்மையான காரணம். வை. கோவிந்தன் அதன் முதல் தலைவராக இருந்தார். வள்ளியப்பா பல்வேறு பொறுப்புகளில் இறுதிவரை அச்சங்கத்துக்கு உழைத்தார். குழந்தைகளுக்கு எழுதுபவர்களைப் பெரிய எழுத்தாளர்களாகக் கருதாத மனநிலை அன்று இருந்தது. இன்றும் முற்றிலும் மறைந்துவிட்டதாகக் கூற இயலாது. அத்தகைய சூழலில், சிதறிக் கிடந்த எழுத்தாளர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, குழந்தை எழுத்தாளர் யார் எவர் என்னும் நூலைச் சங்கம் கொண்டுவந்தது. பிற்காலத்தில் தமிழ்க் குழந்தை இலக்கிய வரலாற்றை எழுதியவர்களுக்கு இத்தகைய தொகுப்புகள் பெரிதும் பயன்பட்டன.

பெருமைகளும் மறைவும்

இவருடைய நூல்கள் மத்திய, மாநில அரசுகளின் பரிசுகளைப் பெற்றுள்ளன. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1982 இல் தமிழ்ப் பேரவைச் செம்மல் என்னும் பட்டத்தை அளித்தது. பிள்ளைக் கவியரசு, மழலைக் கவிச் செம்மல் முதலிய பட்டங்களும் இவருக்கு வழங்கப்பட்டன.

1989 மார்ச்சில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டமொன்றில் வள்ளியப்பா கலந்துகொண்டார். பல்கலைக்கழகங்களில் குழந்தை இலக்கியத்தைப் பாடமாக வைக்கவேண்டும் என்று வலியுறுத்திப் பேசினார். கல்லூரியில் படித்திராத ஒருவர் பல்கலைக்கழகத்தின் முன் வைத்த கோரிக்கை அது. பேசி முடித்து அமர்ந்தவர் மயங்கி விழுந்தார். மார்ச் 16 அன்று தமது 66 ஆம் வயதில் காலமானார்.

இவருடைய மகள் தேவி நாச்சியப்பனும் குழந்தை எழுத்தாளர் ஆவார். சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது 2019 இல் அவருக்கு வழங்கப்பட்டது.