கம்பியில்லாத் தந்தி கண்ட மார்கோனி

இத்தாலி நாட்டில் பொலோனியா என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1874-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி மார்கோனி பிறந்தார். தந்தை நிலச்சுவான்தார். தாயார் அயர்லாந்துக்காரர்.

மார்கோனி பள்ளிக்கூடம் போய்ப் படித்தது குறைவு. வீட்டு மாடி அறையில் பாட்டரியும் கம்பிச் சுருளுமாக இரவு பகல் உழைத்தார். 1895-ல் ஒரு குன்றுக்கு அந்தப் பக்கம் செய்தி போய்ச் சேர்ந்தது. நடுவே கம்பியே இல்லை! அப்போது அவருக்கு வயது 21.

அடுத்த ஆண்டு தாயாருடன் இங்கிலாந்து சென்றார். 1897-ல் கம்பெனி தொடங்கினார். 1900-ல் பிரிட்டிஷ் கடற்படை அவருடைய கருவிகளை வாங்கியது. 1901-ல் அட்லாண்டிக் கடலையே தாண்டிச் செய்தி அனுப்பினார். உலகம் வியந்தது.

ஒட்டுக் கேட்டால்?

ஆனால் ஒரு பயம் இருந்தது. கம்பியில் போகும் தந்தியைக் கேட்க, கம்பியைத் தொட வேண்டும். காற்றில் போகும் செய்தி நாலா பக்கமும் பரவும். எதிரிக் கப்பலும் கேட்கலாமே?

மார்கோனி அஞ்சவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனி அலைவரிசை வைக்கும் முறையை அவர் கண்டுபிடித்திருந்தார். அதே வரிசைக்குத் திருப்பி வைக்காத கருவியால் தம் செய்தியைப் பிடிக்கவே முடியாது என்று அடித்துச் சொன்னார்.

இதை நம்பாத ஒருவர் லண்டனில் இருந்தார். அவர் பெயர் மாஸ்கலின். தொழில் மாயாஜாலம்! கடலுக்கு அடியில் கம்பி போட்டுத் தந்தி நடத்திய கம்பெனி அவரை அமர்த்தியது. கடற்கரையில் உயரமான கம்பம் நட்டார். மார்கோனியின் செய்திகள் தாமாகவே வந்து விழுந்தன. அதை 1902-ல் பத்திரிகையில் வெளியிட்டார்.

சபையில் கேலி

1903-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி. லண்டனில் அறிஞர்கள் கூடியிருந்தார்கள். பேராசிரியர் பிளெமிங் பேசினார். தூரத்தில் கார்ன்வால் கடற்கரையில் இருந்து மார்கோனி செய்தி அனுப்ப ஏற்பாடு.

அதற்குள் கருவி தட்டத் தொடங்கியது. எலி, எலி என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு மார்கோனியைக் கேலி செய்யும் பாட்டு வந்தது! பக்கத்தில் இருந்து மாஸ்கலின் அனுப்பிய வேலை அது.

பிளெமிங் கொதித்துப் பத்திரிகைக்கு எழுதினார். நானே செய்தேன் என்று மாஸ்கலின் ஒப்புக்கொண்டார். குறையை ஊர் அறியச் சொன்னது நல்லதற்கே என்றும் வாதாடினார்.

போரில் வந்த வினை

1909-ல் மார்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மன் விஞ்ஞானி பிரவுன் அதில் பங்கு பெற்றார்.

1914-ல் உலகப் போர் மூண்டது. ரஷ்யத் தளபதிகள் படை உத்தரவுகளைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பினார்கள். பலவற்றை ரகசியக் குறியீடு இல்லாமல் பச்சையாகவே அனுப்பினார்கள். ஜெர்மானியர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டானன்பர்க் சண்டையில் சுமார் 90 ஆயிரம் ரஷ்ய வீரர்கள் சிறைப்பட்டார்கள்.

1916-ல் மார்கோனி இத்தாலியில் புது முயற்சி தொடங்கினார். டார்ச் விளக்கின் ஒளி போல, அலையை ஒரே திசையில் செலுத்தும் முயற்சி அது. அந்த வழியில் 1927-ல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் செய்திப் போக்குவரத்து நடந்தது. ஒட்டுக் கேட்பது கடினமாயிற்று. ஆனால் அடியோடு நிற்கவில்லை.

1937-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி ரோம் நகரில் மார்கோனி காலமானார். அவருக்காகப் பிரிட்டிஷ் வானொலி இரண்டு நிமிடம் மவுனமாக இருந்தது.

இன்றைக்கும் அதே பயம்

இன்று வீட்டுக்கு வீடு வரும் வைபையும் அதே வானொலி அலைதான். அது சுவரோடு நிற்காது, தெருவுக்கும் போகும். 1997-ல் அதற்கு வகுத்த முதல் பூட்டின் ஓட்டை 2001-ல் வெளிப்பட்டது. பிறகு பலமான பூட்டுகள் வந்தன.

ராணுவ முகாம், பாங்கி போன்ற இடங்களில் வைபை வைக்குமுன் பலமுறை யோசிக்கிறார்கள். செய்தியைக் குறியீடாக மாற்றியே அனுப்புகிறார்கள். மிக ரகசியமானவற்றைப் பல இடங்களில் கம்பி வழியாக மட்டுமே அனுப்புகிறார்கள்.

காற்றைப் பூட்ட முடியாது. செய்தியைத்தான் பூட்ட வேண்டும். மார்கோனிக்கு அதைப் புரியவைத்தவர் ஒரு மாயாஜாலக்காரர்!